லிஃப்டுக்குள் ஒரு சொற்பொழிவு

காலை பத்தேகாலுக்கு லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றது. நிறுத்தியவன் உள்ளேதான் இருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். கம்பெனிச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டியிருந்தான். முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு கையைப் பின்னால் விட்டு, பொத்தான்களுக்குக் கீழே இருந்த சின்னக் கதவைச் சாவியால் திறந்து, சுவிட்சைத் தட்டினான். பழகிய கை. தட்டிவிட்டு முகத்தில் ஆச்சரியத்தை வரவழைத்துக்கொண்டான்.

"அடடா. நின்னுடுச்சே."

உள்ளே மூன்று பேர். அவன், அவனுடைய அக்கா, ஐந்தாவது மாடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண்ணாடிக்காரர் கையில் கடைச் சாவிக்கொத்து இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி தொண்டையைச் செருமினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். லிஃப்ட் இப்போதைக்கு எங்கும் போகப்போவதில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் மெக்கானிக்கின் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரியின் அந்தப் பெரிய அறையில் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் நாலாம் நம்பர். பக்கத்தில், ஜன்னலோரமாக, மூணாம் நம்பர். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மெஷின் ஓடும் நேரம் முழுக்க இரண்டு பேரும் நர்ஸுகளுக்குப் பட்டப்பெயர் வைத்தே பொழுதைக் கழித்தார்கள்.

பிறகு அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். கொடுத்தாள் என்பது அவன் சொல்வது. அக்கா 'இரவல்' என்பாள். போனில் "என்னோடது எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாள். அவன் எப்படி இருக்கிறான் என்பது அடுத்த கேள்வி. சில நாள் அது மறந்தும் போகும். அக்கா நீச்சல் பயிற்சி கொடுப்பவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கவேண்டிய குரல். "தண்ணி குடிச்சியா?" என்று வீட்டில் கேட்பதும் அதே குரலில்தான்.

உடம்பு தேறியதும் அவனுக்குள் ஒரு வேகம் வந்தது. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கும்போதே ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம், கொடுத்தவரும் நன்றாக இருக்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லவேண்டும். நூலகத்தில் பேசினான். பாதிப் பேர் மின்விசிறிக்கு அடியில் தூங்கினார்கள். மீதிப் பேர் நழுவினார்கள். ஒரு சங்கத்தில் பேசினான். டீ வந்ததும் கூட்டம் டீப் பக்கம் போய்விட்டது. சிறுநீரகம் என்று சொன்னதுமே மனிதர்கள் ஒரு கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கண்ணால் வாசலைத் தேடுகிறார்கள் என்பதை அவன் கவனித்தான்.

வாசல் இல்லாத இடம் எது என்று யோசித்தான். அவன் தொழிலே அதுதான்.

மாதாமாதம் லிஃப்டுகளைச் சோதிக்கப் போகும்போது, வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறுவான். நடுவில் நிறுத்துவான். கொஞ்ச நேரம் பேசுவான். பிறகு சுவிட்சைத் தட்டுவான், லிஃப்ட் கிளம்பும். தப்பித்த சந்தோஷத்தில், ஆஸ்பத்திரி போன் நம்பர் அச்சிட்ட அட்டையை ஜனங்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நூலகத்தில் இது நடந்ததே இல்லை. ஒரு வக்கீல் மட்டும், "பேச்சு பிரமாதம். ஆனா லிஃப்ட் நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சே," என்றார். அன்றிலிருந்து வக்கீல்கள் ஏறினால் அவன் படியில் போனான்.

இன்றைக்கு விஷயம் வேறு. இன்று மூணாம் நம்பருக்காக வந்திருந்தான்.

மூணாம் நம்பர் இன்னும் அதே நாற்காலியில்தான் இருந்தார். கையில் ஊசி குத்த இடமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் வைக்கவேண்டும், இந்தக் கை ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். மனைவிக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே தம்பி. அந்தத் தம்பிதான் கண்ணாடிக்காரர். ஆனால் மூணாம் நம்பர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆளில்லை. ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியும் ஒருமுறைகூட வழி கேட்டதில்லை. தப்பான தெருவுக்குள் போய்விட்டால், அந்தத் தெருவையும் பயணிகளுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு வருவாராம்.

"தம்பிகிட்ட நீ கேட்டேன்னு தெரிஞ்சுது, அப்புறம் உன் முகத்துல முழிக்க மாட்டேன்," என்று மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார்.

கேட்கமாட்டேன் என்று மெக்கானிக் வாக்குக் கொடுத்தான். பொதுவாகப் பேசமாட்டேன் என்று கொடுக்கவில்லை.

பேச்சுக்குச் சான்றாக அக்கா பக்கத்தில் இருந்தால் நல்லது. "உனக்குப் புதுக் கண்ணாடி வாங்கித் தரேன்க்கா," என்று கூப்பிட்டான். அக்கா நம்பவில்லை. ஆனாலும் வந்தாள். பழைய கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது.

"லிஃப்ட் நின்னா எல்லாரும் பட்டனைத் தேடுவாங்க," என்றாள் இப்போது. "நீ ஏன்டா மேடையேறின மாதிரி தொண்டையைச் செருமுற?"

"பொழுது போகணுமேக்கா." அவன் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினான். "சார், இந்த மாதிரி நேரத்துலதான் மனுஷனுக்கு உயிரோட அருமை தெரியுது. இல்லையா?"

"எனக்குக் கடை திறக்கணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"இதோ நிக்கிறாங்களே, என் அக்கா. அன்பே உருவானவங்க."

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எனக்கு ரெண்டு கிட்னியும் போனப்போ, 'தம்பி, என்னோடதை எடுத்துக்கோ'ன்னு ஒரு நொடிகூட யோசிக்காம..."

"யாரு, நானா?"

"குறுக்கே பேசாதேக்கா."

"ஒரு நொடியா? ரெண்டு மாசம் உன் போனையே எடுக்கலடா நான்."

வழக்கமாகப் பேச்சில் இந்த இடத்தில் அவனுக்குக் கண் கலங்கும். இன்று கலங்கவில்லை. "தன்னடக்கம், சார்," என்றான்.

"தன்னடக்கமும் இல்ல, வெங்காயமும் இல்ல. பயந்து செத்தேன் சார். டெஸ்ட் எடுக்கக் கிளம்பிப் பாதி வழியில திரும்பி வந்தது எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. மயக்க ஊசி போட வந்த டாக்டரம்மா கையைப் பிடிச்சு முறுக்கிட்டேன். இன்னிக்கும் என்னைப் பார்த்தா அந்தம்மா கையைப் பின்னாடி கட்டிக்குறாங்க."

கண்ணாடிக்காரரின் வாயோரம் லேசாக அசைந்தது. கடிகாரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

பேச்சு கைமீறிப் போவதை மெக்கானிக் உணர்ந்தான். முடித்துக்கொள்வது நல்லது. கையைப் பின்னால் விட்டுச் சுவிட்சைத் தட்டினான். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி தட்டினான். வெளிச்சம் ஒருமுறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது என்று லிஃப்டுக்குச் சொல்வது கதவின் மேல்பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தகடு. இந்த லிஃப்டில் அது தளர்ந்திருப்பதைப் போன முறையே பார்த்திருந்தான். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். திடீரென்று நிறுத்திய குலுக்கலில் தகடு நழுவிவிட்டது. கதவு திறந்திருப்பதாக லிஃப்ட் நினைத்துக்கொண்டிருக்கிறது. திறந்த கதவோடு எந்த லிஃப்டும் நகராது. தகட்டை வெளியே இருந்துதான் சரிசெய்ய முடியும்.

"என்னடா பின்னாடி கையை விட்டு நோண்டுற?" என்றாள் அக்கா.

"முதுகு அரிக்குது."

கண்ணாடிக்காரர் பொறுமை இழந்து மணிப் பொத்தானை அழுத்தினார். அழுத்தினால் கம்பெனி ஆபீசில் விளக்கு எரியும். ஆபீசில் இருக்கும் பெண் அன்றைய டூட்டி மெக்கானிக்கைப் போனில் கூப்பிடுவாள். நல்ல ஏற்பாடு. ஒருநாளும் தவறியதில்லை.

மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் எடுக்கவில்லை. போன் நின்றது. மறுபடி அடித்தது.

"எடேன்டா," என்றாள் அக்கா.

எடுத்தான். சின்ன இடம். ஆபீஸ் பெண்ணின் குரல் மூன்று பேருக்கும் கணீரென்று கேட்டது.

"அண்ணே, கண்ணாடிக்கடை பில்டிங்ல லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்க. எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவீங்க?"

"பக்கத்துலதாம்மா இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. அவங்களைப் பதட்டப்படாம இருக்கச் சொல்லுங்க."

"சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

போனைப் பைக்குள் போட்டான். அக்கா அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. திறந்து தொங்கும் சின்னக் கதவு. அதில் தொங்கும் சாவி.

"இதுக்குத்தான் கண்ணாடியா?"

"நீங்கதான் மெக்கானிக்கா?" என்றார் கண்ணாடிக்காரர். "அப்போ சரி பண்ணுங்க."

"வெளிய இருந்தாத்தான் சார் சரி பண்ண முடியும்."

"யாரு வெளிய இருந்தா?"

"நான்."

வேறு வழியில்லை. கூட வேலை பார்ப்பவனைக் கூப்பிட்டான். அதிகம் பேசாதவன் என்பதால் அவனுக்குச் சாமியார் என்று பெயர்.

"சாமியாரே, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"உள்ளேயா?"

"உள்ளதான்."

சாமியார் சிரித்து இதுவரை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டது. சிரித்து முடித்துவிட்டு, ஊரின் அந்தக் கோடியில் இருப்பதாகவும் வர நேரமாகும் என்றும் சொன்னான்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இப்ப வேணாம்க்கா."

"என்னோடது காயக் கூடாது. குடி."

"அக்கா, நேரம் பார்த்து..."

"குடிடா."

குடித்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது குடித்ததும் பஸ்ஸில் அக்கா குடிக்கவைத்ததும் ஏற்கெனவே உள்ளே இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு காலை மடக்கினான். பிறகு மற்றக் காலை. பிறகு எழுந்து நின்றான்.

"உடம்புக்கு என்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒண்ணுமில்ல சார்."

"அவனுக்கு ஒண்ணுக்கு வருது," என்றாள் அக்கா. நீச்சல் குளக் குரல். நான்காவது மாடியில் யாரோ இருமினார்கள்.

"அக்கா!"

"இதுல என்னடா வெக்கம்? பார்த்தீங்களா சார், எப்படி வேலை செய்யுதுன்னு! என்னோடது." அக்கா தன் மாணவி போட்டியில் ஜெயித்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாட்டில்தான் காலியாயிடுச்சே," என்றார். "நாங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

"சிரிக்காதீங்க சார்." மெக்கானிக் முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு நின்றான். நெற்றியில் வியர்வை. அந்த அவஸ்தையில் வாய் முந்திக்கொண்டது. "உங்க அண்ணனுக்கு இந்தத் தொல்லையே இல்ல. அவருக்கு ஒண்ணுக்கு வந்தே ரெண்டு வருஷமாச்சு."

சிரிப்பு நின்றது.

கண்ணாடிக்காரர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மெதுவாக மாட்டினார். "எங்க அண்ணனை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வாயை விட்டாகிவிட்டது. மெக்கானிக் சொன்னான். நாற்காலிகள், நம்பர்கள். நாள் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து ஓட்டுவது. தாகம் எடுத்தால் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது. ஊசிக்கு இடம் தேடித் தேடி நர்ஸ் களைத்துப்போவது. மாற்றுச் சிறுநீரகம் சீக்கிரம் வேண்டும் என்று டாக்டர் சொன்னது. இந்த முறை பேச்சில் அன்பும் இல்லை, உருவமும் இல்லை. ஒன்றுக்கு முட்டிக்கொண்டு நிற்கும் மனிதனுக்கு அலங்காரம் வராது.

"ரத்தத்தை அப்பப்போ சுத்தம் பண்ணிக்கிறேன், பஸ்ஸுக்கு ஆயில் மாத்துற மாதிரின்னு சொன்னாரே," என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்படித்தான் சொல்வார்."

"வாராவாரம் போறேன். உள்ள நுழைஞ்சதும் தண்ணி குடிக்கிறியான்னு கேப்பார். அவரே எடுத்துட்டு வந்து தருவார். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்பார்." சாவிக்கொத்தைப் பார்த்தார். "தம்பி மேல பாசம்னு நினைச்சேன்."

அக்கா காலிப் பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

"நான் கேக்கல சார்," என்றான் மெக்கானிக். "கேக்கமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நீங்க..."

"நீ வாயை மூடு," என்றாள் அக்கா. பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளிடம் பேசும் குரல் அது. "சார், நீங்க இப்ப ஒண்ணும் சொல்லவேணாம். பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சு வாங்குற பதில் பதிலே இல்ல. முடியாதுன்னாலும் அது உங்க இஷ்டம். என்னை ஆஸ்பத்திரியில தனியாக் கூப்பிட்டு உட்காரவெச்சாங்க. யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேட்டாங்க. வேணாம்னா இப்பவே சொல்லுங்க, உங்க உடம்பு ஒத்துவரலைன்னு நாங்களே உங்க வீட்ல சொல்லிடுறோம், காரணம் யாருக்கும் தெரியாதுன்னாங்க. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுவரைக்கும் ஓடணும் ஓடணும்னு இருந்தேன். கதவைத் திறந்துவிட்டதும் ஓடத் தோணல."

மெக்கானிக் சாத்தியிருந்த லிஃப்ட் கதவைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தால் வயிறு அழுந்தியது. நிமிர்ந்தான்.

கண்ணாடிக்காரர் சாவிக்கொத்தைக் கைமாற்றிக்கொண்டு கேட்டார். "தும்மினா வலிக்குமா?"

"முதல் மாசம் வலிக்கும். தலையணையை வயித்துல அமுக்கிக்கிட்டுத் தும்மணும். சிரிச்சாலும் வலிக்கும். இவன் ஜோக் சொன்னப்ப மட்டும் வலிக்கல."

"அந்தப் பக்கம் படுக்கலாமா?"

"இப்ப எந்தப் பக்கம்னே ஞாபகம் இருக்கிறதில்ல. டாக்டர்கிட்ட வருஷா வருஷம் போய்க் காட்டணும். மத்தபடி இன்னிக்குக் காலைலகூடக் குளத்துல இறங்கிட்டுத்தான் வரேன்."

"அழுதீங்களா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். "ஒரே ஒரு தடவை. வலிக்காக இல்ல. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் நர்ஸ் ஓடிவந்து, உங்க தம்பிக்கு ஒண்ணுக்கு வந்துடுச்சுன்னு சொன்னப்போ. வார்டே கைதட்டுச்சு சார். இவன் வாழ்க்கையில கைதட்டு வாங்கின ஒரே சாதனை."

"இப்ப அதைப் பத்திப் பேசாதீங்க," என்றான் மெக்கானிக், பல்லைக் கடித்துக்கொண்டு.

தலைக்கு மேலே எங்கோ இரும்பு முனகியது. லிஃப்ட் ஒருமுறை உதறியது. ஒருவழியாக வந்து சேர்ந்த சாமியார், மொட்டைமாடியில் லிஃப்டை நகர்த்தும் சக்கரத்தைக் கையால் சுற்ற ஆரம்பித்திருந்தான். லிஃப்ட் குழி வழியாக அவன் குரல் இறங்கி வந்தது.

"ஏத்தட்டுமா, இறக்கட்டுமா?"

"டாய்லெட் எந்த மாடியில இருக்கோ அங்க!"

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. மெக்கானிக்குக்கு ஒவ்வொரு அங்குலமும் ஒரு யுகம். நான்காவது மாடியில் வாட்ச்மேன் கதவைத் திறந்ததுதான் தாமதம், அவன் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் போனான். "என்ன சார், உள்ள பேய் இருக்கா?" என்று வாட்ச்மேன் கேட்டது அவனுக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது முகத்தில் அப்படியொரு அமைதி. மூணாம் நம்பரிடம் என்ன சொல்வது என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. கேட்கவில்லை என்று சத்தியம் செய்யலாம். சொல்லவில்லை என்று செய்ய முடியாது. இந்த நேரத்தில் அவர் நாற்காலியில் இருப்பார், ஒரு கையில் ஊசி, மறு கையில் போன். இனி முகத்தில் முழிக்கமாட்டார். மூணாம் நம்பர் சொன்னால் சொன்னதுதான்.

நடைபாதையின் கோடியில், படிக்கட்டு ஜன்னல் பக்கம், அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். கொஞ்சம் தள்ளிக் கண்ணாடிக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடை திறக்கவில்லை. சாவிக்கொத்து ஒரு கையில் தொங்கியது. மறு கையில் போன் காதோடு ஒட்டியிருந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்றதை முதல்ல நிறுத்துண்ணா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "யாரு சொன்னா எப்படித் தெரிஞ்சா என்ன? யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கல. அதான் பிரச்சினையே."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. மெக்கானிக் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். அக்கா எங்கிருந்தோ நிரப்பி வைத்திருந்த பாட்டிலை அவனிடம் நீட்டினாள். அவன் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

"ஸ்கூல் படிக்கிறப்ப என் சைக்கிளை ஒருநாளாவது கேட்டு எடுத்திருக்கியா?" என்றார் கண்ணாடிக்காரர். "கேக்காமலே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போற ஆளு, இதை மட்டும் ஏண்ணா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல?"